‘மஞ்சள்தானே... என்ன பண்ணிடப் போகுது?’ - பாட்டிலில் வரும் மஞ்சள் மாத்திரையை எவ்வளவு நம்பலாம்?

போன வருடம் பொங்கல் முடிந்த வாரம், பெங்களூரில் இருக்கும் தம்பி அம்மாவுக்கு ஒரு பார்சல் அனுப்பினான். பிரித்தால் 120 கேப்ஸ்யூல் கொண்ட ஒரு வெள்ளை பாட்டில். முன்பக்கம் பளபளவென்று ஒரு மஞ்சள் கிழங்கு படம், பக்கத்திலேயே நாலு மிளகு. “முட்டி வலிக்கு தினமும் ரெண்டு போடும்மா. சைடு எஃபெக்ட்டே கிடையாது, மஞ்சள்தானே!” என்று ஃபேமிலி குரூப்பில் வாய்ஸ் நோட் வேறு. நானும் அதற்கு ஒரு ஹார்ட் போட்டேன்.

அம்மாவுக்கு 61 வயது. சில வருடங்களுக்கு முன்பு இதய வால்வு மாற்று ஆபரேஷன் நடந்தது. அன்றிலிருந்து ரத்தம் உறையாமல் இருக்க தினமும் ஒரு மாத்திரை, மாதம் ஒருமுறை ஐ.என்.ஆர். டெஸ்ட். ரத்தம் உறைய எவ்வளவு நேரம் எடுக்கிறது என்பதைச் சொல்லும் எண் அது. அம்மாவுக்கு அது 2.5-லிருந்து 3.5-க்குள் இருக்க வேண்டும். குறைந்தால் வால்வில் ரத்தம் கட்டிக்கொள்ளும். ஏறினால் எங்கேயாவது கசிய ஆரம்பிக்கும்.

கேப்ஸ்யூல் ஆரம்பித்த பதினோராவது நாள், பல் தேய்க்கும்போது ஈறில் ரத்தம். தொடையில் எங்கேயும் இடித்துக்கொண்ட ஞாபகமே இல்லாமல் ஒரு நீலத் தடம். டெஸ்ட் எடுத்தால் 5.1. “புதுசா ஏதாவது மாத்திரை சாப்பிடறீங்களாம்மா?” என்று டாக்டர் கேட்டார். “இல்லையே டாக்டர்” என்றார் அம்மா. பொய் சொல்லவில்லை. அவர் கணக்கில் மஞ்சள், மாத்திரையே இல்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கும் அந்த பாட்டில் நினைவுக்கு வரவில்லை. ஃபார்மஸி வரிசையில் நிற்கும்போதுதான் பொறி தட்டி, திரும்ப ஓடிப்போய்ச் சொன்னேன்.

“அதுதான் காரணம்னு அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா முதல்ல அதை நிறுத்துங்க” என்றார். நிறுத்தினோம், மாத்திரை அளவையும் கொஞ்சம் மாற்றினார், இரண்டு வாரத்தில் எண் பழைய இடத்துக்கு வந்துவிட்டது. ஈறோடு போனது எங்கள் அதிர்ஷ்டம். ரத்தக் கசிவு மூளையில் நடந்திருந்தால் இந்தக் கட்டுரையை நான் வேறு மாதிரி எழுதிக்கொண்டிருப்பேன்.

அதற்கப்புறம்தான் உட்கார்ந்து தேட ஆரம்பித்தேன். 2018-லேயே நியூஸிலாந்தின் மருந்துப் பாதுகாப்பு அமைப்பான மெட்சேஃப் இதே மாதிரி ஒரு கேஸைச் சொல்லி எச்சரித்திருக்கிறது. வார்ஃபரின் எடுத்துக்கொண்டு நிலையாக இருந்த ஒருவர், மஞ்சள் சப்ளிமென்ட் ஆரம்பித்த சில வாரங்களில் அவருடைய ஐ.என்.ஆர். 10-ஐத் தாண்டியிருக்கிறது. அம்மாவின் 5.1-க்கே எங்களுக்குக் கை நடுங்கியது.

நம்ம மஞ்சளுக்கு வெளிநாட்டில் வார்னிங்

தோண்டத் தோண்ட, இது ரத்தத்தோடு நிற்கிற கதை இல்லை என்று புரிந்தது. கடந்த ஆறேழு வருடங்களாக மஞ்சள் சப்ளிமென்ட் பற்றி நாடு நாடாக எச்சரிக்கை வந்துகொண்டே இருக்கிறது. எல்லாமே ஒரே உறுப்பைத்தான் கைகாட்டுகின்றன: கல்லீரல்.

முதலில் மணி அடித்தது இத்தாலி. 2019-ல் மஞ்சள் சப்ளிமென்ட் சாப்பிட்ட பலருக்குக் கல்லீரல் அழற்சி வந்ததைப் பார்த்து விசாரணை நடந்தது. 2022-ல் அந்த நாட்டு சுகாதாரத் துறை, ‘கல்லீரலுக்கு நல்லது’ என்று இந்தப் பொருட்களில் போடவே கூடாது, லேபிளில் எச்சரிக்கை வாசகம் கட்டாயம் என்று சொல்லிவிட்டது. அதே வருடம் பிரான்ஸின் உணவுப் பாதுகாப்பு அமைப்பான ஆன்செஸ், மஞ்சள் சப்ளிமென்ட் தொடர்பாகத் தன்னிடம் 100-க்கும் மேற்பட்ட புகார்கள் வந்திருப்பதாகவும், அதில் 15 கல்லீரல் அழற்சி என்றும் சொன்னது. 2023 ஆகஸ்டில் ஆஸ்திரேலியாவின் டி.ஜி.ஏ.வும் எச்சரித்தது. அங்கே பதிவானவை 18 கல்லீரல் பாதிப்புப் புகார்கள், ஒரு மரணம்.

அமெரிக்காவில் மருந்துகளால் வரும் கல்லீரல் பாதிப்பை மட்டுமே கண்காணிக்கும் ஒரு மருத்துவமனைக் கூட்டமைப்பு இருக்கிறது. அவர்கள் மஞ்சளால் வந்தது என்று முடிவு செய்த 10 பேரின் கேஸ்களை 2022-ல் விரிவாக வெளியிட்டார்கள். 8 பேர் பெண்கள். 5 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். ஒருவர் கல்லீரல் செயலிழந்து இறந்தார். ‘வேற ஏதாவது கலப்படம் இருந்திருக்கும்’ என்று நமக்குத் தோன்றும் இல்லையா? அவர்களுக்கும் தோன்றியிருக்கிறது. ஏழு பேர் சாப்பிட்ட பொருட்களை லேபில் பரிசோதித்தார்கள். ஏழிலும் மஞ்சள் இருந்தது, மூன்றில் மிளகுச் சத்தும் இருந்தது.

இன்னொரு விஷயம்தான் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. அந்தப் பத்துப் பேரில் ஏழு பேருக்கு எச்.எல்.ஏ-பி 35:01 என்ற ஒரே மரபணு வகை இருந்திருக்கிறது. அதாவது, இது எல்லாருக்கும் வருகிற ஆபத்து இல்லை. ரொம்ப ரொம்பக் குறைவான பேருக்குத்தான் வரும். ஆனால், அந்தக் குறைவான பேரில் நாம் இருக்கிறோமா என்று பாட்டிலைத் திறக்கும்போது நமக்குத் தெரியாது.

2025-ல் அமெரிக்கத் தொலைக்காட்சிகளில் பேசப்பட்ட ஒரு கேஸ் நம் எல்லாருக்கும் ரொம்பப் பக்கம். ஒரு பெண், இன்ஸ்டாகிராமில் ஒரு டாக்டர் மூட்டு வலிக்கு மஞ்சள் கேப்ஸ்யூல் நல்லது என்று சொன்னதைப் பார்த்து, தினமும் 2,250 மி.கி. சாப்பிட ஆரம்பித்தார். சில வாரங்களில் வயிற்றுப் புரட்டல், அசதி, சிறுநீர் கறுத்துப்போனது. மருத்துவமனையில் பார்த்தபோது கல்லீரல் என்ஸைம்கள் இயல்பைவிட 60 மடங்கு. நல்லவேளை, பிழைத்துக்கொண்டார். மஞ்சள் மாத்திரை சாப்பிட்டு மஞ்சள் காமாலை! நம்ம ஊரில் சொன்னால் ஜோக் என்று நினைப்பார்கள்.

சாம்பார் கணக்கும் கேப்ஸ்யூல் கணக்கும்

இந்தச் செய்திகளை ஷேர் பண்ணினால் முதலில் வருகிற ரிப்ளை இதுதான்: “நாம தலைமுறை தலைமுறையா சாப்பிடறோம். நமக்கு என்ன ஆச்சு?”

நியாயமான கேள்வி. ஒன்றும் ஆகவில்லைதான். ஆனால் நாம் தலைமுறையாகச் சாப்பிட்டது எவ்வளவு என்று ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம்.

மஞ்சளில் மருந்து வேலை செய்வதாகச் சொல்லப்படுவது குர்குமின் என்ற மஞ்சள் நிறப் பொருளும் அதன் உறவுக்காரப் பொருட்களும். சாதாரண மஞ்சள் தூளில் இது ஏறக்குறைய 3 சதவிகிதம். ரகத்தைப் பொறுத்துக் கூடக் குறைய இருக்கும்; மேகாலயாவின் லகடாங் மஞ்சளில் 7 சதவிகிதம்கூட வரும். நாலு பேருக்கு வைக்கும் சாம்பாரில் அரை டீஸ்பூன் மஞ்சள் தூள் போடுவோம். அது ஒன்றரை கிராம். அதில் குர்குமின் 45 மி.கி. ஆளுக்குப் பங்கு பிரித்தால் 11 மி.கி. சொச்சம்.

இப்போது பாட்டிலுக்கு வருவோம். அம்மாவின் பாட்டிலில் ‘மஞ்சள் சாறு 500 மி.கி., 95 சதவிகிதம் குர்குமினாய்டு’ என்று இருந்தது. அதாவது ஒரு கேப்ஸ்யூலில் 475 மி.கி. இதைத் தூளாகச் சாப்பிட வேண்டும் என்றால் சுமார் 16 கிராம், அஞ்சு டீஸ்பூனுக்கு மேல். சாம்பாராகச் சாப்பிட வேண்டும் என்றால் 42 பேர் பங்கு. தம்பி சொன்னபடி தினமும் ரெண்டு என்றால், ஒரு சின்ன கல்யாணப் பந்தி சாம்பாரில் இருக்கும் குர்குமினை அம்மா ஒரே ஆளாக விழுங்கியிருக்கிறார்.

கொரோனா காலத்தில் ஆயுஷ் அமைச்சகம் சொன்ன மஞ்சள் பால் நினைவிருக்கிறதா? 150 மி.லி. சூடான பாலில் அரை டீஸ்பூன், நாளைக்கு ஒன்றிரண்டு தடவை. ஆயுர்வேத மருந்தியல் நூலில் அரசு குறித்திருக்கும் மஞ்சள் தூளின் அளவும் நாளைக்கு 1 முதல் 3 கிராம்தான். அதிகபட்சம் வைத்தாலும் 90 மி.கி. குர்குமின். ‘பாரம்பர்யம்’ என்ற வார்த்தை அச்சடித்த பாட்டிலுக்குள் இருப்பது, அந்தப் பாரம்பர்யம் சொன்ன அளவைப்போல அஞ்சு, பத்து மடங்கு. பெயர் ஒன்று, பொருள் வேறு.

வாசலில் ஒரு வாட்ச்மேன்

அளவு பாதிக் கதைதான். மீதிக் கதை மிளகில் இருக்கிறது.

நம் உடம்புக்கு குர்குமின் மீது பெரிய ஆர்வம் கிடையாது. குடல் சுவரும் கல்லீரலும் அதைப் பார்த்தவுடனேயே வேறு ஒரு பொருளை ஒட்டி, கரைகிற மாதிரி மாற்றி, வெளியே தள்ளிவிடும். அபார்ட்மென்ட் வாசலில் நிற்கும் வாட்ச்மேன் மாதிரி. எவ்வளவு மஞ்சள் சாப்பிட்டாலும் ரத்தத்தில் போய்ச் சேருவது கொசுறுதான்.

1998-ல் பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் ஒரு பரிசோதனை செய்தார்கள். ஆரோக்கியமான எட்டுப் பேருக்கு 2 கிராம் குர்குமினோடு மிளகில் இருக்கும் பைப்பரின் 20 மி.கி. கொடுத்தார்கள். ரத்தத்தில் சேரும் குர்குமின் 20 மடங்கு ஆனது. இன்றைக்கு அமேசானில் நீங்கள் பார்க்கும் ‘2000% அதிக உறிஞ்சும் திறன்’ எல்லாமே அந்த எட்டுப் பேரில் இருந்து வந்ததுதான். ஏறக்குறைய ஒன்றுமே இல்லாததை 20-ஆல் பெருக்கியது என்பதை மட்டும் விளம்பரம் சொல்லாது.

மிளகு என்ன செய்கிறது? வாட்ச்மேனைக் கொஞ்ச நேரம் தூங்க வைக்கிறது. அந்த நேரத்தில் குர்குமின் மட்டும் உள்ளே போனால் பரவாயில்லை. அதே வாசல் வழியாகத்தான் நாம் சாப்பிடும் மற்ற மாத்திரைகளும் வடிகட்டப்படுகின்றன. ரத்த அழுத்தத்துக்கும் படபடப்புக்கும் கொடுக்கிற புரோப்ரனலால், வலிப்புக்குக் கொடுக்கிற ஃபெனிட்டாயின் போன்றவை பைப்பரினோடு சேரும்போது ரத்தத்தில் கூடுதலாக ஏறுகின்றன என்று பழைய ஆய்வுகளே காட்டியிருக்கின்றன. டாக்டர் அளந்து கொடுத்த டோஸ், அவருக்கே தெரியாமல் பெரிய டோஸாகிவிடுகிறது.

“அப்போ மஞ்சள் பாலில் மிளகு போடறது?” என்று கேட்பீர்கள். பயப்பட வேண்டாம். மிளகில் பைப்பரின் சுமார் 5 சதவிகிதம். 20 மி.கி. பைப்பரின் என்றால் எட்டு, பத்து மிளகு. பாலுக்கு ஒன்றிரண்டு மிளகைத் தட்டிப் போடுகிற நம் பாட்டிமார்கள் வாட்ச்மேனிடம் பேச்சுக் கொடுத்தார்கள், அவ்வளவுதான்.

மிளகு இல்லாமலும் இதே வேலையைச் செய்ய இப்போது நிறைய வழிகள் வந்துவிட்டன. நானோ, லைபோசோமல், ஃபைட்டோசோம் என்று லேபிளில் இருந்தால், குர்குமினைக் கொழுப்பிலோ நுண்துகளிலோ பொதிந்து உள்ளே அனுப்புகிறார்கள் என்று அர்த்தம். இதில் சிக்கல் என்னவென்றால், ஒவ்வொன்றும் எவ்வளவு ஏற்றும் என்பது வேறு வேறு. ஒரு கம்பெனியின் 200 மி.கி., இன்னொரு கம்பெனியின் 1,000 மி.கி.யைவிட அதிகமாக ரத்தத்தில் சேரலாம். முன்பக்கம் கொட்டை எழுத்தில் இருக்கும் மி.கி. எண்ணை வைத்து இரண்டு பாட்டில்களை ஒப்பிடுவதே அர்த்தமில்லாமல் போகிறது.

அப்போ வேலையே செய்யாதா?

செய்கிறது, சில இடங்களில். இதை மறைத்தால் அது நேர்மை இல்லை.

தாய்லாந்தில் 2014-ல் முழங்கால் மூட்டுத் தேய்மானம் உள்ள 367 பேரை வைத்து ஒரு ஆய்வு நடந்தது. பாதிப் பேருக்கு நாளைக்கு 1,500 மி.கி. மஞ்சள் சாறு, மீதிப் பேருக்கு 1,200 மி.கி. ஐபுப்ரூஃபன். நாலு வாரம் கழித்துப் பார்த்தால் இரண்டு பக்கமும் வலி ஏறக்குறைய ஒரே மாதிரி குறைந்திருந்தது. வயிற்று வலி, அசௌகரியம் மஞ்சள் பக்கம் குறைவு. 2023-ல் அதே நாட்டில் இருந்து இன்னொரு ஆய்வு. செரிமானக் கோளாறு உள்ள 206 பேரில் நடந்தது. அதிலும் குர்குமின், ஒமிப்ரசோலுக்கு இணையாகத் தாக்குப்பிடித்தது.

ஆனால் இந்த ஆய்வுகள் எல்லாமே சில வாரங்கள் நடந்தவை. ஆட்களைத் தேர்ந்தெடுத்து, கண்காணித்துக் கொடுத்தவை. வேறு சில நோய் உள்ளவர்களைச் சேர்த்துக்கொள்ளவே மாட்டார்கள். வருடக்கணக்கில் தினமும் போட்டால் என்ன ஆகும் என்பதற்கு இவை பதில் சொல்லாது.

அந்தக் கேள்விக்கு வேறொரு எண் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனமும் ஐ.நா. உணவு வேளாண் அமைப்பும் சேர்ந்து நடத்தும் நிபுணர் குழு, வாழ்நாள் முழுக்க தினமும் எடுத்தாலும் பிரச்னை இல்லை என்று குர்குமினுக்குக் கொடுத்திருக்கும் அளவு, உடல் எடையில் கிலோவுக்கு 3 மி.கி. வரை. 60 கிலோ ஆள் என்றால் 180 மி.கி. பிரான்ஸ், சாப்பாட்டில் வருவதைக் கழித்துவிட்டு, சப்ளிமென்ட்டில் 153 மி.கி.க்கு மேல் வேண்டாம் என்றது. அதுவும் சாதாரண குர்குமினுக்கு. உறிஞ்சும் திறனைக் கூட்டிய ரகங்களுக்கு இந்தக் கணக்கை அப்படியே பொருத்த முடியாது.

மற்றபடி சருமம் மின்னும், முடி வளரும், தொப்பை கரையும், பி.சி.ஓ.டி. சரியாகும், புற்றுநோய் வராது... இவற்றுக்காகக் காசு கொடுக்கும் முன் ஒரு விஷயம். 2017-ல் மருந்து வேதியியலாளர்கள் சிலர், அதுவரை வந்த 120-க்கும் மேற்பட்ட குர்குமின் பரிசோதனைகளை அலசினார்கள். உறுதியாக ஜெயித்த ஒரு இரட்டை மறைவு ஆய்வுகூட இல்லை என்று எழுதினார்கள். நோயாளிக்கும் டாக்டருக்கும் எது மருந்து, எது வெறும் மாத்திரை என்று தெரியாமல் நடத்துவதுதான் இரட்டை மறைவு ஆய்வு. அவர்கள் கொஞ்சம் கறாராகவே பார்த்தார்கள் என்பது என் அபிப்ராயம்; தாய்லாந்து முழங்கால்களை அவ்வளவு சுலபமாகத் தள்ளிவிட முடியாது. ஆனால் கிளாஸில் போட்டுக் குடிக்கும் ‘க்ளோ’ மாத்திரைக்கு அந்த அளவு ஆதாரம்கூட என் கண்ணில் படவில்லை.

பாட்டிலைத் திருப்புங்க

எல்லாம் தெரிந்த பிறகும் முட்டி வலிக்கு முயற்சி பண்ணலாம் என்று நினைத்தால், முன்பக்கத்தைப் பார்க்கவே பார்க்காதீர்கள். பின்பக்கம் ‘ஒரு சர்விங்’ என்பது எத்தனை கேப்ஸ்யூல் என்று முதலில் தேடுங்கள். சில பாட்டில்களில் 1,500 மி.கி. என்று இருக்கும், மூன்று கேப்ஸ்யூல் சேர்ந்தால்தான் அந்த எண் வரும். அடுத்து, அது மஞ்சள் தூளா, சாறா? ‘மஞ்சள் 500 மி.கி.’ என்று மட்டும் இருந்தால் தூளாக இருக்கலாம். அதில் குர்குமின் 15 மி.கி.தான். அதற்கு சமையலறை டப்பாவே போதும். 95 சதவிகிதம் என்று இருந்தால் 475 மி.கி. ஒரே 500, உள்ளே முப்பது மடங்கு வித்தியாசம்! குர்குமினாய்டு எவ்வளவு என்று தனியாக எழுதாத பாட்டிலை நான் வாங்க மாட்டேன்.

இன்னொரு கூத்து. ஒரே கடையில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு மஞ்சள் கேப்ஸ்யூல்களில் ஒன்றில் 14 இலக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எண் இருக்கும், இன்னொன்றில் ஆயுஷ் மருந்து உற்பத்தி உரிம எண். முதலாவது சட்டப்படி உணவு. அதில் ‘மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல’ என்ற வாசகம் இருக்க வேண்டும், பரிந்துரைத்த அளவை மீறக் கூடாது என்றும் இருக்க வேண்டும். பொடி எழுத்தில் இருக்கும், தேடிப் பாருங்கள். அந்த வாசகத்துக்கு மேலேயே ‘மூட்டு வலிக்கு’ என்று பெரிதாகப் போட்டிருந்தால் சிரித்துவிட்டு வைத்துவிடுங்கள்.

தூளாக வரும் கேப்ஸ்யூலில் ஈயம் பற்றியும் யோசிக்க வேண்டும். நிறம் தூக்கலாகத் தெரிய லெட் குரோமேட் என்ற நிறமியைப் பூசும் பழக்கத்தை, பங்களாதேஷில் நடந்த ஆய்வு 2019-ல் அம்பலப்படுத்தியது. அந்த நாட்டு அரசு கடும் நடவடிக்கை எடுத்து இரண்டே வருடத்தில் அதை ஒழித்தும் காட்டியது. பேட்ச் வாரியாக உலோகப் பரிசோதனை அறிக்கை வெளியிடும் நிறுவனமாக இருந்தால் நல்லது. வீட்டுக்கு என்றால், காய்ந்த விரலி மஞ்சளை வாங்கி மில்லில் கொடுத்து அரைக்கிற பழைய வழக்கத்தை விடாதீர்கள்.

சரி, டோஸ்? வேறு எந்த மாத்திரையும் சாப்பிடாத, கல்லீரல் பிரச்னை இல்லாத ஆள், மூட்டு வலிக்காக, டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, குறைந்த அளவில் ஆரம்பித்து, சாப்பாட்டோடு எடுத்துப் பார்க்கலாம். அதிக மி.கி.யும் மிளகுச் சத்தும் ஒன்றாக வேண்டாம். நாலிலிருந்து எட்டு வாரத்தில் வலியில் மாற்றம் தெரியவில்லை என்றால் பாட்டில் முடியும் வரை காத்திருக்காமல் நிறுத்திவிடுங்கள். ‘வாங்கிட்டோமே’ என்று முடிப்பதுதான் நம் வழக்கம். இதில் வேண்டாம்.

யாருக்கு வேண்டவே வேண்டாம்?

ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர்கள் பட்டியலில் முதலில். ஆஸ்பிரின், குளோபிடோகிரெல் எடுக்கும் அப்பாக்களும் அதில் சேர்த்தி. பித்தப்பைக் கல், பித்தக் குழாய் அடைப்பு உள்ளவர்களுக்கு ஆகாது. குர்குமின் பித்தப்பையைச் சுருங்க வைக்கும். சிறுநீரகக் கல் வந்தவர்கள் தூளிலேயே அளவு பார்க்க வேண்டும், மஞ்சளில் ஆக்ஸலேட் அதிகம். ஏற்கெனவே கல்லீரல் பாதிப்பு உள்ளவர்கள், உறுப்பு மாற்று சிகிச்சை செய்தவர்கள், கர்ப்பிணிகள் கேப்ஸ்யூல் பக்கமே போக வேண்டாம். ரசமும் சாம்பாரும் தாராளமாகச் சாப்பிடலாம். சுகர் மாத்திரை எடுப்பவர்கள் டாக்டரிடம் சொல்லாமல் ஆரம்பிக்கக் கூடாது. ஆபரேஷன் தேதி குறித்திருந்தால் இரண்டு வாரம் முன்பே நிறுத்திவிடுவது வழக்கம்.

இளம்பெண்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். குர்குமின் இரும்புச்சத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்புப்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை. காலையில் இரும்புச்சத்து மாத்திரை, கூடவே சருமத்துக்காக மஞ்சள் கேப்ஸ்யூல் என்று போட்டால் ஒரு கையால் கொடுத்ததை மறு கை பிடுங்கிக்கொள்ளும்.

சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது காரணமில்லாத அசதி, பசியின்மை, குமட்டல், உடம்பு அரிப்பு, டீ டிகாக்‌ஷன் நிறத்தில் சிறுநீர், கண்ணில் மஞ்சள், இதில் எது வந்தாலும் அன்றைக்கே நிறுத்திவிட்டு கல்லீரல் டெஸ்ட் எடுத்துவிடுங்கள். ஆரம்பித்த சில வாரங்களில் இருந்து சில மாதங்களுக்குள் இது வரலாம். நேராகக் கீழாநெல்லி வைத்தியத்துக்குப் போய் நாள் கடத்த வேண்டாம். நிறுத்தினால் பெரும்பாலானவர்களுக்குத் தானாகவே சரியாகிவிடுகிறது என்பதுதான் இதில் இருக்கும் நல்ல செய்தி.

இதையெல்லாம் எழுதும்போது ஒரு தயக்கம் இருந்தது. மஞ்சள் நமக்கு வெறும் பொருள் இல்லை. 1995-ல் அமெரிக்காவில் மஞ்சளுக்குக் காப்புரிமை கொடுத்தபோது, இந்தியாவின் சி.எஸ்.ஐ.ஆர். பழைய நூல்களை எல்லாம் ஆதாரமாக அடுக்கி 1997-ல் அதை ரத்து செய்ய வைத்தது. 2019-ல் ஈரோடு மஞ்சளுக்கு புவிசார் குறியீடு கிடைத்தது. உலக மஞ்சளில் 70 சதவிகிதத்துக்கு மேல் இந்தியாவில்தான் விளைகிறது. 2025 ஜனவரியில் நிஜாமாபாத்தில் தேசிய மஞ்சள் வாரியமே திறந்துவிட்டார்கள். 2030-க்குள் 100 கோடி டாலர் ஏற்றுமதி என்பது இலக்கு. மதிப்புக் கூட்டுவது என்றால் அதில் குர்குமின் பிரித்தெடுப்பதும் அடக்கம். அப்படியென்றால் இத்தாலியும் ஆஸ்திரேலியாவும் சொல்லும் முன்பே, கல்லீரல் எச்சரிக்கையையும் குர்குமின் அளவையும் தமிழில், கண்ணுக்குத் தெரிகிற எழுத்தில் போடச் சொல்லி இருக்க வேண்டியது நாம்தானே? ஒரு நாட்டில் நாலு பேர் மருத்துவமனைக்குப் போனால் அங்கே ஆர்டர் குறையும். அந்த நஷ்டம் இன்ஃப்ளூயன்சருக்கு வராது. ஈரோட்டில் மூட்டையோடு நிற்கும் விவசாயிக்குத்தான் வரும்.

அம்மாவின் பாட்டிலில் இன்னும் 98 கேப்ஸ்யூல் பாக்கி இருக்கிறது. ஃப்ரிட்ஜ் மேல் உட்கார்ந்திருக்கிறது. போன வாரம் தம்பி வீட்டுக்கு வந்தபோது அதை எடுத்துப் பார்த்துவிட்டு, “இவ்ளோ காசு குடுத்து வாங்கினது. நான் சாப்பிட்டுக்கட்டுமா?” என்றான்.

“வேற என்ன மாத்திரைடா போடற?”

“மாத்திரைல்லாம் ஒண்ணும் இல்லக்கா. ஜிம்ல குடுத்த ஃபேட் பர்னர் மட்டும்தான்.”

“அதுல என்ன இருக்கு?”

“ஏதோ கிரீன் டீ எக்ஸ்ட்ராக்ட்னு போட்டிருந்துச்சு. டீதானே!”

கிரீன் டீ சாறால் வரும் கல்லீரல் பாதிப்பிலும் அதே எச்.எல்.ஏ-பி 35:01-தான் அடிக்கடி தென்படுகிறது. ஊருக்குப் போனதும் அந்த டப்பாவைத் திருப்பி, பின்பக்கம் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன். இன்னும் வரவில்லை.